வாரியம் ஒரு தடவைதான் கேட்கும்

வெண்டல் டோலெஃப்சன் குறட்டை விடுவார் என்று சொன்னால் அது போதாது. பனிக்காலத்தில் ஏரி உறைந்ததும் லூன் பாயின்ட் ஊரே பனிக்கட்டி மேல் குடில் போட்டு, துளையிட்டு, தூண்டிலோடு உட்கார்ந்துவிடும். வெண்டலின் குடிலுக்குப் பக்கத்தில் மட்டும் யாரும் குடில் போடுவதில்லை. அவர் மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தால் அந்தப் பக்கத்து மீன்களெல்லாம் கனடா எல்லைக்குப் போய்விடும் என்று பேச்சு. பிறகு டாக்டர் அவருக்கு ஒரு மூச்சு மெஷின் கொடுத்தார். முகமூடியை மாட்டி, மெஷினை ஓடவிட்டுப் படுத்தால், வெண்டல் அந்த அறையில் இருப்பதே தெரியாது. அதன் பிறகுதான் அவர் மனைவி ஆர்லிஸ், மாடியறையிலிருந்து தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கீழே வந்தாள்.

அவர்களுடைய ஒரே மகள் பிரிட்டாவுக்கு ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு தீவில் கல்யாணம். மாப்பிள்ளை யூவன் ஆட்டுப் பண்ணைக்காரன். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி எல்லோரும் மாப்பிள்ளை வீட்டில்தான் தங்குவதாக ஏற்பாடு. அதைப் பற்றிப் பேசத்தான் பிரிட்டா போன் செய்தாள்.

"அம்மா, அப்பாவோட மெஷினை மறக்காம எடுத்துட்டு வா. இந்த வீட்டுச் சுவரெல்லாம் வெறும் பலகை. அப்பா ரூமுக்கு இந்தப் பக்கம் யூவனோட அம்மா அப்பா. அந்தப் பக்கம் கல்யாணம் பண்ணி வைக்கிற போதகர்."

"மெஷின் இல்லாம உங்கப்பா எங்க போயிருக்கார்?"

"மெஷின் மட்டும் வந்தா பத்தாதும்மா. இங்க பிளக் பாயின்ட் வேற மாதிரி. அடாப்டர் வேணும். தீவுல இருக்கறது ஒரே கடை. அதுல மெழுகுவத்தியும் ஆட்டு மருந்தும்தான் கிடைக்கும். அங்கேயே வாங்கிட்டு வந்துடு."

"கிடைக்கலேன்னா?"

"ஆட்டுக் கொட்டகை ஒண்ணு இருக்கு," என்றாள். "ஆனா ஆடுங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

வெண்டல் இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அடாப்டர் கிடைக்கலேன்னா நான் வரல," என்றார். "நீயே பொண்ணைக் கைபிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போயிடு. எல்லாரும் தூங்காம கண்ணு சிவந்து உக்காந்திருக்கற கல்யாணத்துல நான் என்ன மூஞ்சியை வெச்சுக்கறது?" சொல்லிவிட்டு வெளியே போய்க் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டினார். காலையிலேயே சுரண்டிய கண்ணாடிதான் அது.

ஆர்லிஸ் அன்றைக்கே டுவேனின் இரும்புச் சாமான் கடைக்குப் போனாள். அடாப்டரா, என்று கேட்டுவிட்டு டுவேன் கடைக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான்.

"நான் விக்கக் கூடாது ஆர்லிஸ். வாரியத்துக்குத்தான் போகணும்."

"சின்ன பிளக்குக்கு ஒரு வாரியமா?"

"பல் டாக்டர் ஹியால்மர் புருவம் ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமல் எப்படி? ஹியால்மர் ரோம் நகரத்துக்குச் சுற்றுலா போய், மனைவியின் முடி சுருட்டும் கருவியை அந்த ஊர்ச் சுவரில் சொருகி, ஒரு புருவத்தை மட்டும் பறிகொடுத்துத் திரும்பினார். மாவட்டம் கொதித்துப் போனது. இன்னொரு புருவம் போகவிடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அயல்நாட்டுச் செருகல் ஒத்திசைவு வாரியம் பிறந்தது. ஹியால்மருக்குப் புருவம் முளைத்துவிட்டது. வாரியம் அப்படியே இருந்தது.

"தபால்ல வரவழைக்கறேன்."

"வரவழைச்சாங்க. வாரியம் பிடிச்சு, ஏரியில துளை போட்டு உள்ள விட்டுடுச்சு."

"மினியாபொலிஸ் விமான நிலையத்துல வாங்கிக்கறேன்."

"நம்ம மாவட்டத்து லைசென்ஸைப் பார்த்தா அங்க யாரும் தர மாட்டாங்க. வாரியம் எல்லாக் கடைக்கும் ஹியால்மரோட போட்டோ அனுப்பி வெச்சிருக்கு."

வாரியம் இருந்தது பழைய பவுலிங் பந்துருட்டும் கூடத்தில். வாசலில் 'செருகும் முன் சிந்தி' என்று பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள். உள்ளே மேசையில் மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். மேவிஸும் ஆர்லிஸும் தேவாலயப் பாடகர் குழுவில் தோளோடு தோள் ஒட்டி நின்று ஒரே புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவர்கள்.

"விண்ணப்பதாரர் பேரு?" என்றாள் மேவிஸ்.

"மேவிஸ், நான்தான்."

"நீன்னு எனக்குத் தெரியும் ஆர்லிஸ். வாரியத்துக்குத் தெரியாது. பேரு?"

பெயரைச் சொன்னாள். போகும் நாடு, போகும் காரணம், அந்த நாட்டுச் சுவர்களோடு முன்பகை ஏதும் உண்டா, எல்லாம் சொன்னாள். வெண்டலின் குறட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது மேவிஸ் கையை உயர்த்தி, "அது வாரியத்துக்கே தெரியும்," என்றாள்.

வாரியத்தின் இயக்குநர் ஓர்வில் ஸ்டென்ஸ்ருட், ஆர்லிஸை உட்காரவைத்து, காபி ஊற்றிக் கொடுத்து, எழுந்து நின்றுகொண்டு பேசினார். கேட்பவர் ஒருவராக இருந்தாலும் அவர் கூட்டத்துக்குப் பேசுவது போலத்தான் பேசுவார்.

"திருமதி டோலெஃப்சன், இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தர்கூட வெளிநாட்டுச் சுவத்துல ஷாக் அடிச்சு விழல. இதுக்கு என்ன காரணம்னு நினைக்கறீங்க?"

"நல்ல அடாப்டரா குடுத்திருப்பீங்க."

"குடுக்கவே இல்ல!" என்று ஓர்வில் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒருத்தருக்குக்கூட இல்ல. உலகத்துலயே இப்படி ஒரு சாதனை வேற எந்த வாரியத்துக்கும் கிடையாது."

"நீங்க வெளிநாடு போயிருக்கீங்களா?"

"கனடாவுக்கு ஒரு தடவை போனேன். அங்கயும் சுவத்துல நம்மூர் மாதிரியே ஓட்டை. சாயங்காலமே திரும்பிட்டேன். மத்த நாட்டுக்கெல்லாம் நான் போக மாட்டேன். எனக்கு ஆபத்து தெரியும்."

அடாப்டர் வேண்டுமென்றால் முதலில் பிளக் பாயின்ட்களின் முக அறிதல் தேர்வு எழுத வேண்டும் என்றார். தேர்வாளர் உள்ளறையில் இருந்தார். அதுவும் மேவிஸ்தான், நீல ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் பழுப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். சுவர் நிறைய வெளிநாட்டு பிளக் பாயின்ட்களின் படங்கள் மாட்டியிருந்தன.

"இது டென்மார்க். இதோட மனநிலை என்ன?"

இரண்டு கண்ணும் ஒரு வாயுமாக அது பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "சிரிக்குது," என்றாள் ஆர்லிஸ்.

"சிரிக்கறதாத் தெரியும். அதுதான் ஆபத்து. இது?"

"இது நம்மூருதாச்சே. பயந்து போயிருக்கு."

பேனா மேவிஸின் கையில் அப்படியே நின்றது. "நம்ம பிளக் பாயின்ட் பயப்படல ஆர்லிஸ். அது கவனமா இருக்கு."

பிறகு செய்முறைத் தேர்வு. கூடத்தின் கோடியில், பந்து ஓடும் தடம் முடிகிற இடத்தில், ஒட்டுப்பலகையால் செய்த 'வெளிநாட்டுச் சுவர்' நின்றது. நெடும்பயணக் களைப்பை உண்டாக்குவதற்காக ஆர்லிஸைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து ஓர்வில் தன் கையாலேயே சுற்றினார். ஸ்காட்லாந்துக் காற்றுக்காக மின்விசிறி ஒன்றை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டார்கள். மேவிஸ் ஒரு கட்டம் போட்ட கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, அயல்நாட்டு விடுதிக்காரியாக மாறி, "கஞ்சி! கஞ்சி குடிக்கறியா? கஞ்சி!" என்று அவள் காதுக்குள் கத்தினாள். தலை சுற்ற, முடி பறக்க, ஆர்லிஸ் தட்டுத்தடுமாறிப் போய் மரத்தால் செய்த அடாப்டரை மரத்தால் செய்த பிளக் பாயின்ட்டில் சொருகினாள். மேலே இருந்த பல்பு எரியவில்லை.

"தப்பா சொருகிட்டேனா?"

"சரியாத்தான் சொருகினீங்க. அதுல கரண்ட் குடுக்கல," என்றார் ஓர்வில். "குடுத்தா யாருக்காவது அடிச்சிடும்."

தேறிவிட்டாள். மேவிஸ் கம்பளியை மடித்து வைத்துவிட்டு, மறுபடி நீல ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள். சுவரில் இருந்த இரும்புப் பெட்டகத்தின் முன்னால் ஓர்வில் போய் நின்றார். கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆர்லிஸ் டோலெஃப்சன், உங்களுக்கு ஒரு அடாப்டர் வேணுமா?"

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றாள் ஆர்லிஸ்.

அவள் மேல் குற்றமில்லை. எங்கள் பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை, நிஜமாகவே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால், சரி, நீங்க இவ்வளவு சொல்றதால, என்று வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்கிறவர்கள் ஓநாய் வளர்த்த பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே ஆர்லிஸ் புன்சிரிப்போடு இரண்டாம் கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"வேண்டாம்னுட்டாங்க. எழுதிக்கோ மேவிஸ்," என்றார் ஓர்வில்.

"இல்லைங்க! அது சும்மா சொன்னது!"

"சும்மா சொன்னதுன்னு எழுத இங்க இடம் இல்ல ஆர்லிஸ்," என்றாள் மேவிஸ். அவள் முகத்தில் வருத்தம் தெரிந்தது. ஆனால் எழுதிவிட்டாள்.

"இன்னொரு தடவை கேளுங்களேன்."

"விதிமுறை எழுதினவர் நியூ ஜெர்சிக்காரர்," என்றார் ஓர்வில். "ஒரு தடவைதான் கேக்கணும்னு எழுதிட்டுப் போயிட்டார். அவங்க ஊர்ல கேக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக்குவாங்களாம். ஒரு தடவை கேக்கறதே அதிகம்னு சொன்னார்."

"அப்ப இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும்…?"

"எல்லாரும் உங்களை மாதிரியேதான். தேர்வெல்லாம் எழுதுவாங்க, நாற்காலியில சுத்துவாங்க, ஒருத்தர் வாந்திகூட எடுத்தார். கடைசியில கேட்டா வேண்டாம்னுடுவாங்க. மக்கள் ஏன் இப்படிப் பண்றாங்கன்னு ஆராய ஒரு குழுவே போட்டோம். அதுக்குத் தலைவரா இருக்க யாரும் சம்மதிக்கல."

"எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒரு தடவை."

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அடுத்த முறை கேள்வி கேட்கும் நாள், அவர்கள் விமானம் ஏறும் நாளின் காலையில் விழுந்தது. ஆர்லிஸ் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். வெண்டல் எல்லாவற்றையும் கேட்டார். ஓர்வில் மேல் அவருக்குக் கோபமே வரவில்லை. கேள்வி ஒன்றுதான், பதில் ஒன்றுதான், பழகிக்கொண்டால் போகிறது என்றார். இரவுச் சாப்பாட்டிலிருந்தே பழக்கத்தை ஆரம்பித்தார்கள்.

"ஆர்லிஸ், உருளைக்கிழங்கு வேணுமா?"

"இல்ல, நீ போட்டுக்க."

"தோத்துட்ட. உருளைக்கிழங்கு வேணுமா?"

"கொஞ்சமா… இல்ல, பாத்திரத்துலயே இருக்கட்டும்."

"தோத்துட்ட. ஒரே வார்த்தை ஆர்லிஸ். வேணும். சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். 'வே' வரைக்கும் வந்தது. காது மடல் சிவந்துபோய், தண்ணீர் குடித்தாள். உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்கு நல்ல பசி.

"நீ எதையும் வேணும்னு கேட்டு நான் பார்த்ததே இல்ல," என்றார் வெண்டல். "கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டப்பகூட வேண்டாம்னுதான் சொன்ன."

"நீதான் திரும்பத் திரும்பக் கேட்டியே."

"ரெண்டாவது தடவை நீ வேண்டாம்னதும், கார்ல ஏறி ஊரை விட்டே போயிடலாம்னு பார்த்தேன். கார் ஸ்டார்ட் ஆகல. அதனாலதான் திரும்பி வந்து மூணாவது தடவை கேட்டேன்."

ஆர்லிஸுக்கு இது தெரியாது. இத்தனை வருடமாகத் தெரியாது. பனியில் உறைந்துபோன ஒரு கார் பேட்டரியின் தயவில்தான் தனக்கு வீடும் மகளும் கிடைத்திருக்கிறார்கள். பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, கேட்காமலே உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டாள். ஊஃப்டா, என்று எங்கள் பக்கத்து 'அடேயப்பா'வை வெண்டல் மெதுவாகச் சொன்னார். அவரால் அதற்கு மேல் பாராட்ட முடியாது.

புறப்படும் நாள் காலை, பெட்டிகளோடு காரை வாரியத்து வாசலில் நிறுத்தினார்கள். வெண்டல் இறங்கவில்லை. மூச்சு மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கல்யாணக் கோட்டு பின் சீட்டில் ஒரு கொக்கியில் தொங்கியது. அதைப் பெட்டிக்குள் வைக்க அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

உள்ளே ஓர்வில் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். "ஆர்லிஸ் டோலெஃப்சன், உங்களுக்கு ஒரு அடாப்டர் வேணுமா?"

"வேணும்," என்றாள் ஆர்லிஸ்.

மேவிஸின் பேனா மேசையில் உருண்டு, கீழே விழுந்து, பந்து ஓடும் தடத்தில் நெடுந்தூரம் உருண்டு போய் எங்கோ நின்றது.

"என்ன சொன்னீங்க?" என்றார் ஓர்வில்.

"வேணும்."

"எழுதறதா?" என்றாள் மேவிஸ். "இதை எங்க எழுதறது?"

ஓர்வில் வாரியத்தின் வரலாற்றில் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். "திருமதி டோலெஃப்சன், நல்லா யோசிச்சுப் பாருங்க. நாங்க கேக்கறதுன்னா ஒரு மரியாதைக்குக் கேக்கறது. இந்த வாரியமே அந்த நம்பிக்கையிலதான் நடக்குது."

"யோசிச்சுட்டேங்க. என் வீட்டுக்காரர் வெளிய கார்ல உக்காந்திருக்கார். அவர் பொண்ணு கல்யாணம். வேணும்."

வேறு வழியில்லை. ஓர்வில் எழுந்துபோய்ப் பெட்டகத்தைத் திறந்தார். மூன்று சாவிகள், ஒரு சக்கரம், பிறகு ஒரு சின்ன மரக்கதவு. உள்ளே ஒரு பீங்கான் தட்டில், வெல்வெட் துணியின் மேல், அடாப்டர் இருந்தது. ஒன்றே ஒன்று.

ஓர்வில் அதை மேசையில் கொண்டுவந்து வைத்தார். மூவரும் தட்டைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் தட்டில் மிஞ்சிய கடைசி ஒன்றை யாரும் எடுக்க மாட்டார்கள். விருந்துகளில் கடைசித் துண்டு கேக்கைப் பாதியாக வெட்டி ஒருவர் எடுப்பார். மீதிப் பாதியை இன்னொருவர் பாதியாக்குவார். இப்படியே வெட்டிக்கொண்டு போய், பாத்திரம் கழுவுகிற நேரத்தில் ஒரு பொடி தட்டில் இருக்கும். அதையும் மூடி வைத்து யார் வீட்டுக்காவது அனுப்புவார்கள்.

"கடைசி ஒண்ணு," என்றார் ஓர்வில். அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவு வந்தது. "எடுத்துக்கோங்க. உங்களுக்குத்தான். கடைசி ஒண்ணுதான். பரவாயில்ல."

ஆர்லிஸின் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"வேணும்னா," என்றாள் மேவிஸ், "பாதி எடுத்துக்கலாமே?" சொல்லிக்கொண்டே உள்ளே போய், காபி அறையிலிருந்து கேக் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்தாள். ஓர்வில் அதை வாங்கி, அடாப்டரின் நடுவில் வைத்து, அளவு பார்த்து, அறுக்கத் தொடங்கினார். பிளாஸ்டிக்கில் ஒரு கோடு விழுந்தது.

"எந்தப் பாதி வேணும்? கம்பி இருக்கற பாதியா, ஓட்டை இருக்கற பாதியா?"

வெளியே வெண்டல் காரின் ஹாரனை அடித்தார். எங்கள் ஊரில் ஹாரன் அடிப்பது மானுக்கு மட்டும்தான். மனிதர்களைப் பார்த்து அவர் ஹாரன் அடித்து ஆர்லிஸ் கேட்டதில்லை. அவள் கத்திக்கு அடியிலிருந்து அடாப்டரை உருவினாள். முழுசாக உருவினாள். காலித் தட்டு மேசையில் சுற்றிச் சுற்றி ஆடி அடங்குவதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. விடைபெற வாசலில் அரை மணி நேரம் நிற்கிற ஊரில், கதவை முதுகால் தள்ளித் திறந்துகொண்டு போய்விட்டாள்.

"முழுசையும் எடுத்துட்டா," என்றாள் மேவிஸ். "நான் அவ பக்கத்துல நின்னு பாடறேன்!"

ஓர்வில் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு நிமிர்ந்து நின்றார். கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மேவிஸ், இதைத் தோல்வியா எடுத்துக்கக் கூடாது. இத்தனை நாளும் பெட்டகத்துக்குள்ள ஒரு ஆபத்தை வெச்சுக்கிட்டு நாம தூங்காம காவல் காத்தோம். இப்ப அதுவும் இல்ல. இன்னிக்குத்தான் வாரியம் முழுப் பாதுகாப்பை எட்டியிருக்கு." அவர் தட்டை உள்ளே வைத்து, மரக்கதவைச் சாத்தி, சக்கரத்தைத் திருகி, மூன்று சாவியாலும் பூட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, நான்காவது பூட்டு ஒன்று வாங்க உத்தரவு போட்டார்.

தீவில், கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, அடாப்டர் சுவரில் கச்சிதமாக உட்கார்ந்தது. வெண்டல் முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தார். ஆர்லிஸ் பின்கட்டில் மகளோடு படுத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் கணவருக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெண்டலின் அறைக்கு முன்னால் மாப்பிள்ளையின் அம்மா மைரி கறுப்புச் சால்வை போர்த்தி நின்றிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா நீல் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். போதகர் வேதப்புத்தகத்தைத் திறந்து, தாழ்ந்த குரலில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஆர்லிஸ், முதல்ல உக்காருங்க," என்று மைரி அவள் கையைப் பிடித்தாள். மைரியின் கண்கள் கலங்கியிருந்தன. "எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் கூரை பிச்சுக்கற மாதிரி குறட்டை விடுவாங்க. போதகரும் அப்படித்தான். ராத்திரி பூரா உங்க வீட்டுக்காரர் ரூம்லேர்ந்து ஒரு சத்தம் வரல. சுவத்துல காதை வெச்சுக் கேட்டேன். மூச்சு இருக்கற மனுஷன் யாரும் அப்படித் தூங்கறதில்லைம்மா. பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் எங்களுக்குத் தெரியல."

ஆர்லிஸ் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மூக்கைச் சுற்றி முகமூடியின் தடத்தோடு, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு, வெண்டல் நின்றார். சால்வையையும் தொப்பியையும் வேதப்புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்கு நேரமாயிடுச்சா?" என்றார்.

மைரி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நீல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வெட்கத்தில் மறுபடி கழற்றினார். போதகர் மட்டும் நிறுத்தவில்லை. ஆரம்பித்த ஜெபத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மண்ணுக்கு மண்ணாக என்று அவர் தொடர்ந்தார். வெண்டல் தலையைக் குனிந்து, கைகளைக் கோத்து, தன் ஆத்துமாவுக்கான ஜெபத்தை மரியாதையாக முழுவதும் கேட்டார். ஆமென் சொன்னார். போதகருக்கு நன்றி சொல்லிவிட்டு, மகளைக் கைபிடித்து அழைத்துப் போகக் கோட்டு மாட்டிக்கொள்ள உள்ளே போனார்.